அடைப்புக்குறிக்குள் சைபர்: 04174 என்ற பிரதியை வாசித்தல்

1

தொலைபேசி எண்ணை யாரும் பிரதியாக வாசிப்பதில்லை. சுழற்றுகிறோம், அழுத்துகிறோம், மறந்துவிடுகிறோம். ஒரு கவிதையில் யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று துருவித் துருவிக் கேட்கிற விமர்சகன், விசிட்டிங் கார்டு கிடைத்தால் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விடுகிறான். ஆனால் எதிரே நிற்பவர் யார், எங்கிருந்து வருகிறார் என்பதை இவ்வளவு கறாராகத் தீர்மானித்துவிட்டுப் பேச ஆரம்பிக்கிற எழுத்து வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. வேலூர் – ஆம்பூர் தோல் வட்டாரத்தில் எஸ்.டி.டி. கோடு எழுதப்பட்ட விதங்களையும், எழுதப்படாமல் விடப்பட்ட விதங்களையும் வைத்து இதைச் சொல்லிப் பார்க்கலாம்.

கோடு வருவதற்கு முன் ஊருக்குப் பெயர் இருந்தது. டிரங்க் கால் புக் செய்பவர் 'ஆம்பூர்' என்று வாயால் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆபரேட்டர் அதைத் திருப்பிச் சொல்வார். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று அவசரத்துக்கு ஏற்ற விலை. 1960இல் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையில் இந்தியாவின் முதல் எஸ்.டி.டி. இணைப்பு வந்தது. கான்பூரும் நம்மைப் போலத் தோல் ஊர்தான் என்பதை ஒரு தற்செயலாக மட்டும் குறித்துக்கொள்வோம். அந்த ஏற்பாடு ஒவ்வொரு வட்டாரமாகப் பரவப் பரவ, ஊரின் பெயர் வாயிலிருந்து விரலுக்கு இறங்கியது. எண்ணாகவும் ஆனது.

வேலூருக்கு 0416. ஆம்பூர், வாணியம்பாடி இரண்டுக்கும் சேர்த்து 04174. ராணிப்பேட்டை, மேல்விஷாரம் பக்கம் 04172. குடியாத்தம், பேரணாம்பட்டுக்கு 04171. திருப்பத்தூர் 04179. முதலில் நிற்கிற சைபரைக் கழித்துவிட்டுப் பார்த்தால் கோடும் உள்ளூர் எண்ணும் சேர்ந்து மொத்தம் 10 இலக்கம். சென்னை தன்னைச் சொல்லிக்கொள்ள 2 இலக்கம் போதும். மிச்சம் 8 அதன் சந்தாதாரர்களுக்கு. வேலூருக்கு 3 போக 7. ஆம்பூருக்கு 4 போக 6. ஊர் சிறுத்தால் கோடு நீள்கிறது. இதில் சதி ஒன்றுமில்லை, குறைந்த இணைப்புக்குக் குறைந்த இலக்கம் போதும் என்கிற பொறியியல் கணக்குதான். ஆனாலும் கணக்குக்கு ஒரு மொழி உண்டு. பெரிய மனிதன் பேரை மட்டும் சொன்னால் போதும். சின்னவன் அப்பன் பேர், ஊர், தெரு எல்லாம் சொல்ல வேண்டும் என்கிற நம் பழைய வழக்கம் அந்த 4 இலக்கத்திலும் கேட்கிறது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். திருவண்ணாமலை 04175, ஆரணி 04173. அந்தப் பகுதி 1989இல் தனி மாவட்டமாகப் போய்விட்டது. 2019இல் வேலூர் மறுபடி மூன்றாக உடைந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குள் போயின. எக்ஸ்சேஞ்ச் மட்டும் எந்த அரசாணையையும் கண்டுகொள்ளவில்லை. 417 என்று தொடங்கும் அந்தப் பழைய வரிசைக்குள் வட ஆற்காட்டின் பல ஊர்கள் இன்னும் ஒன்றாகவே கிடக்கின்றன.

2

தமிழில் 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. கேட்பவரையும் உள்ளே இழுத்துக்கொள்வது ஒன்று, வெளியே நிறுத்திப் பேசுவது மற்றொன்று. இந்த வேறுபாடு இல்லாத மொழிகள் எத்தனையோ. எண்ணை எழுதுகிற விதத்தில் இந்த இலக்கணம் அப்படியே வேலை செய்கிறது.

ஆம்பூர் கடைத்தெருவில் பிரியாணிக் கடை, ஜவுளிக் கடை, பாத்திரக் கடை போர்டுகளில் பழைய பெயின்ட் மிச்சமிருந்தால் பாருங்கள். 'போன்' என்று எழுதி வெறும் உள்ளூர் எண் மட்டும் இருக்கும். கோடு கிடையாது. வாசிப்பவர் ஆம்பூர்க்காரர் என்று போர்டுக்குத் தெரியும். இது 'நாம்'. அதே கடையின் கல்யாண ஆர்டர் நோட்டீஸில் கோடு ஏறிக்கொள்ளும், அதுவும் பெரும்பாலும் அடைப்புக்குறிக்குள். வெளியூர் என்றால் சேர்த்துக்கொள், உள்ளூர் என்றால் விட்டுவிடு என்று ஒரே வரியில் இரண்டு பேரிடம் பேசுகிற சாமர்த்தியம் அது. அடைப்புக்குறியை எடுத்துவிட்டுச் சிறுகோடு போட்டால் முழுக்க வெளியூர்க்காரரிடம் பேச்சு. அது 'நாங்கள்'.

தோல் கம்பெனி லெட்டர்ஹெட் இன்னும் ஒரு படி போகிறது. நான் பார்த்த பழையவற்றில் மேலே தந்தி முகவரி இருக்கும், 'கிராம்ஸ்' என்று. 2013 ஜூலையில் தந்தியே நின்றுபோயிற்று, அந்தச் சொல் மட்டும் பழைய காகிதங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கீழே 'ஆபீஸ்' – பெரியமேடு, 044. 'பேக்டரி' – ஆம்பூர், 04174. 'ரெசி' – வீடு. ஒரு மனிதனுக்கு மூன்று இடம், மூன்றிலும் அவனைப் பிடிக்கலாம். ஏற்றுமதி என்று வந்ததும் சைபர் காணாமல் போகிறது. +91 வந்து உட்காருகிறது, பின்னால் 4174. இத்தாலியிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ அழைப்பவருக்கு அந்த சைபர் தேவையில்லை. அது நாட்டுக்குள் இருப்பவர்கள் ஊர்விட்டு ஊர் பேச மட்டும் தட்ட வேண்டிய கதவு.

பலருக்கு அதை விடவும் மனசு வராது. அதனால்தான் +91 (0) 4174 என்று ஒரு விநோத வடிவம். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஈ.123 பரிந்துரை சர்வதேச வடிவத்தில் இப்படி அடைப்புக்குறி போடக் கூடாது என்கிறது. இருந்தாலும் உலகம் முழுக்கப் போடுகிறார்கள். தெரிதா ஒரு சொல்லை எழுதி, அதன்மேல் குறுக்கே கோடு கிழித்து, அழித்தும் அழிக்காமலும் விடுவார். அதைப் புரிந்துகொள்ள நம்மில் பலர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. பேசாமல் ஒரு லெதர் கம்பெனி கார்டைப் பார்த்திருக்கலாம். அந்த சைபர் இருக்கிறது, இல்லாமலும் இருக்கிறது. உள்நாட்டானுக்கு இருக்கிறது, வெள்ளைக்காரனுக்கு இல்லை. எங்கள் பக்கம் 'பூஜ்யம்' என்று எண் சொல்பவர் அபூர்வம்; 'சைபர்' என்பார்கள், உருது பேசுபவர்கள் 'சிஃபர்' என்பார்கள். இரண்டுமே அரபிச் சொல்லின் வழி வந்தவை. அந்த அரபிச் சொல்லோ சூன்யம் என்ற நம்மூர்க் கருத்தின் பெயர்ப்பு. இங்கிருந்து போய்த் திரும்பி வந்த சைபர், ஏற்றுமதிக் காகிதத்தில் மறுபடி அடைப்புக்குறிக்குள் ஒதுங்கி நிற்கிறது.

3

இதுவரை சொன்னது போன் வைத்திருந்தவர்களின் இலக்கணம். சொந்தமாக ஒரு எண் இல்லாதவர் தன்னை எப்படி எழுதினார்?

வேலை விண்ணப்பங்களிலும் கல்யாணப் பத்திரிகைகளிலும் எண்ணுக்குப் பக்கத்தில் 'பி.பி.' என்று இரண்டு எழுத்து இருக்கும். டிரங்க் கால் காலத்துச் சொல் அது: 'பர்டிகுலர் பர்சன்', அதாவது இன்ன ஆளிடம்தான் பேச வேண்டும் என்று கேட்டு வாங்கும் அழைப்பு. பிற்பாடு அதற்கு ஏற்பட்ட பொருள் வேறு. எண் என்னுடையதல்ல, பக்கத்து வீட்டுக்காரருடையது, கூப்பிட்டால் அவர் வந்து சொல்வார். சொந்த போன் இல்லாதவருக்குக் கிடைத்த பட்டம் 'குறிப்பிட்ட நபர்' என்பதைக் கவனியுங்கள். மொழி இப்படித்தான் கேலி செய்யும்.

தோல் பதனிடும் வேலையில் தலித்துகளும் ஏழை முஸ்லிம்களும், பிறகு வந்த ஷூ கம்பெனிகளில் பெரும்பாலும் பெண்களும். இவர்களுக்கு எஸ்.டி.டி. கோடு வாய்த்தது பூத்தில்தான். மஞ்சள் போர்டு, கண்ணாடிக் கதவு, சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர், ஒட்டிவைத்த கோடு பட்டியல். இரவு ஏற ஏறக் கட்டணம் இறங்கும் என்பதால் பாசம் எல்லாம் ராத்திரியில்தான் பேசப்பட்டது. பூத்துக்காரருக்குப் பாதி இந்தியாவின் கோடு மனப்பாடம். பேசுபவரின் கண் மீட்டரிலேயே இருக்கும். 'சரி வச்சிடறேன், காசு ஓடுது' என்பது அந்தக் காலத்துப் பிரிவுத் துயரின் ஒரே வாசகம்.

ஆகவே இன்று 'எங்க ஊரு கோடு' என்று உருகுகிறவர்களோடு நான் சேர மாட்டேன். அந்த ஏக்கம் ரெசி எண் வைத்திருந்தவர்களுடையது. பி.பி. ஆட்களுக்கு அதில் பங்கில்லை. அவர்களுக்கு முதல் சொந்த எண்ணே செல்போனில்தான் வந்தது. பக்கத்து வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பேச வேண்டிய அவமானம் அன்றோடு போனது. இதை முற்போக்கு என்று சொல்ல எந்தத் தயக்கமும் வேண்டாம்.

4

ஆனால் செல்போன் எண்ணுக்கு ஊர் இல்லை. அது தொழிலாளிக்கு விடுதலை என்றால், முதலாளிக்கும் ஒரு வசதி.

தேசிய நெடுஞ்சாலையோரச் சுவர்களில் ஒட்டியிருக்கும் 'ஆட்கள் தேவை' நோட்டீஸ்களைப் படித்துக்கொண்டே போங்கள். தையல், கட்டிங், பேக்கிங், ஹெல்பர், வேன் வசதி உண்டு. கீழே 10 இலக்க செல் நம்பர். பலவற்றில் கம்பெனியின் பெயர் இருக்காது, ஊர் இருக்காது. அந்த எண் ஒரு கான்ட்ராக்டருடையது. அவர் சிம்மை மாற்றினால் கம்பெனியே மாறிவிட்ட மாதிரி. வெளிநாட்டுக்குப் போகிற காகிதத்தில் +91 4174 என்று ஊரைத் துல்லியமாகச் சொல்கிற அதே தொழில், வேலைக்கு வருகிறவளிடம் ஊரைச் சொல்வதில்லை. வாங்குபவருக்கு முகவரி, உழைப்பவருக்கு வெறும் எண். பி.எப். பிடித்த பணம் எங்கே, விரல் போனதற்கு யார் பொறுப்பு என்று அவள் நாளைக்கு யாரைக் கூப்பிடுவாள்?

இது உணர்ச்சிவசப்பட்டுக் கேட்கிற கேள்வி அல்ல, சட்டத்தின் கேள்வியும்கூட. பாலாற்றைக் கெடுத்தது தொடர்பான வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், கெடுத்தவரே விலை கொடுக்க வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. அப்படியானால் கெடுத்தவர் யார், எங்கே இருக்கிறார் என்று காட்ட வேண்டும். பின்னர் அமைந்த ஆணையம் 2001இல் 547 தோல் ஆலைகள் ஏறத்தாழ 26.82 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று கணக்கிட்டது. ஒவ்வொரு ஆலையையும் ஒரு இடத்தோடு கட்டிப்போட்டால்தான் அப்படி ஒரு கணக்கே சாத்தியம். 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் இதே பாலாற்றுக்காக, இதே இழப்பீட்டுக்காக மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. இடையில், 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுச் சேறு தேக்கியிருந்த தொட்டி உடைந்து, பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்துக்காரர்கள். அவர்கள் வீட்டுக்குச் செய்தி சொல்ல எத்தனை எண்கள், யாருடைய பதிவேட்டில் இருந்தன?

எண்ணை எழுதும் விதம் அரசியல் என்று சொல்லிவிட்டுப் பேனாவை மூடிக்கொள்வது நம் பத்திரிகைகளில் எளிது. நான் ஒரு சின்னக் கோரிக்கையோடு நிறுத்திக்கொள்கிறேன். அபாயகரமான கழிவு பற்றிய விவரங்களை ஆலை வாசலுக்கு வெளியே பலகையில் எழுதிவைக்க வேண்டும் என்று 2003இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தெருவைப் பார்த்து, தெருவில் போகிறவரிடம் பேச வேண்டிய பலகை அது. அதில் ஆலையின் பெயர், கிராமத்தின் பெயர், கூடவே ஊர் கோடோடு ஒரு தரைவழி எண், ராத்திரியில் நாற்றம் எடுத்தாலும் கால்வாய் நுரைத்தாலும் எடுத்துப் பேச ஆள் இருக்கிற எண், தமிழிலும் உருதுவிலும் இருக்க வேண்டும். வேலைக்கு ஆள் கேட்கும் நோட்டீஸிலும் அதே எண்தான் இருக்க வேண்டும். தொழிற்சங்கமும் பாலாற்றுக்காகப் போராடுகிறவர்களும் சேர்ந்து கேட்கக்கூடிய, கேட்டால் மறுக்கக் காரணம் கிடைக்காத கோரிக்கை இது.

வெளிநாட்டுக்காரன் கூப்பிட்டால் எடுக்கிற போன் அங்கே ஏற்கெனவே இருக்கிறது. அதன் எண்ணுக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் கிடக்கிற சைபரை வெளியே எடுத்துப் போடச் சொல்கிறோம், அவ்வளவுதான்.