அரசு அழைத்த போதகர்

கனடாவின் போதகர் லோயிஸ் வில்சனைப் பற்றிப் பேச வருபவர்கள் ‘முதல் பெண்’ பட்டியலோடு தொடங்கிவிடுகிறார்கள். 1976ல் கனடாத் திருச்சபைகள் மன்றத்தின் தலைவர், 1980ல் கனடா ஐக்கியத் திருச்சபையின் மாடரேட்டர் என இரண்டிலும் அவரே முதல் பெண். 1983ல் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் தலைவர்களுள் ஒருவரானார். பட்டியலில் பொய் இல்லை. ஆனால் 2024ல் 97 வயதில் மறைந்த இவரைப் பட்டங்களால் அளந்தால் முக்கியமான கேள்வி நழுவிவிடும்: அரசைத் தட்டிக் கேட்க வேண்டிய போதகர், அரசு கொடுத்த நாற்காலியில் உட்காரலாமா?

வில்சன் உட்கார்ந்தார், அதுவும் திரும்பத் திரும்ப. தேர்தலில் வென்று அல்ல, நியமனத்தால். 1998ல் பிரதமர் ஜான் கிரெத்தியேன் அவரை செனட்டுக்கு அனுப்பியபோது அவருக்கு 71 வயது. எந்தக் கட்சியிலும் சேராமல், ஓய்வு வயதான 75 வரை அங்கே இருந்தார். மக்களிடம் வாக்குக் கேட்காதவர் மக்கள் உரிமையைப் பேசுவதில் ஒரு நெருடல் உண்டு. ஆனால், வாக்குக் கேட்க வேண்டியவர்கள் தொடத் தயங்கும் பிரச்சினைகளை அவர் எடுக்க முடிந்ததற்கும் அதுவே காரணம்.

இந்த வழியின் பலத்தை அணுக்கழிவு விவகாரத்தில்தான் தெளிவாகக் காண்கிறேன். அணு உலைகளில் பயன்படுத்தித் தீர்ந்த எரிபொருளைக் கருங்கல் பாறைக்குள் 500 முதல் 1000 மீட்டர் ஆழத்தில் புதைக்கலாம் என்பது கனடா அணுசக்தி நிறுவனத்தின் யோசனை. அதை ஆராய 1989ல் பிளேர் சீபோர்ன் தலைமையில் அமைந்த குழுவில் வில்சனும் ஓர் உறுப்பினர். தொழில்நுட்ப நோக்கில் பாதுகாப்பு போதிய அளவு காட்டப்பட்டிருக்கிறது, ஆனால் மக்கள் ஒப்புதல் காட்டப்படவில்லை, ஆகவே இப்போதைக்கு ஏற்க முடியாது என்று 1998ல் குழு அறிக்கை தந்தது. பிறக்காத தலைமுறைக்கு நாம் விட்டுப்போகும் விஷத்தைப் பற்றி விஞ்ஞானி மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியுமா என்பது பின்னர் இதைப் பற்றித் தனி நூலே எழுதிய வில்சனின் கேள்வியாக அந்த அறைக்குள் இருந்தது. பலவீனமும் இங்கேயே இருக்கிறது. கழிவைக் கையாளும் அமைப்பு அதை உற்பத்தி செய்வோரிடமிருந்து விலகி நிற்க வேண்டும் என்றது குழு. 2002ல் வந்த சட்டமோ அந்தப் பொறுப்பை அணுமின் நிறுவனங்கள் உருவாக்கும் அமைப்பிடமே கொடுத்தது. பரிந்துரைப்பவர் கையில் பேனா இருக்கலாம், முத்திரை வேறொருவரிடம்.

வட கொரியாவில் இந்த வழி பலித்தது. 1986ல் உலகத் திருச்சபைகள் மன்றம் சுவிட்சர்லாந்தின் கிலியோனில் இரு கொரியாக்களின் கிறிஸ்தவர்களையும் சந்திக்க வைத்தது. அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சியாக 2000ல் கனடியக் குழு ஒன்றுக்குத் தலைமை ஏற்று வில்சன் வட கொரியாவுக்குப் போனார். 2001ல் இரு நாடுகளுக்கும் இடையே தூதரக உறவு பிறந்தது. ஆனால் அங்கே கனடாவின் பணம் எதுவும் சிக்கியிருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சூடானில் சிக்கியிருந்தது. 1999 முதல் 2002 வரை வில்சன் அந்நாட்டுக்குக் கனடாவின் சிறப்புத் தூதர். அங்கே எண்ணெய் எடுத்த கூட்டு நிறுவனத்தில் கனடாவின் டாலிஸ்மன் நிறுவனத்துக்கு 25 விழுக்காடு பங்கு. எண்ணெய் அந்நாட்டின் உள்நாட்டுப் போரை வளர்க்கிறது என்று அரசே அனுப்பிய ஹார்க்கர் குழு 2000ல் சொன்ன பிறகும் கனடா தடை விதிக்கவில்லை. தடை விதிக்காத அரசின் தூதர் எந்த முகத்தோடு சமாதானம் பேசுவது? அவர் விலகியிருந்தால் கனடா கொஞ்சம் கூசியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

திருச்சபைகள் அரசுக்கு வெளியே நின்று அடித்த அடிகளும் உண்டு. கனடா மண்ணை மிதித்த அகதிக்கு நேரில் தன் வழக்கைச் சொல்லும் உரிமையை 1985ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. சிங் வழக்கு எனப்படும் அதில் இடையீட்டாளராக நின்றது கனடாத் திருச்சபைகள் மன்றம். மறு ஆண்டு நியூஃபவுண்ட்லாந்து கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்து மீட்கப்பட்ட 155 ஈழத்தமிழர் வந்திறங்கியது அந்தத் தீர்ப்பு செல்லுபடியாகும் நாட்டில். டாலிஸ்மனையும் திருச்சபைகள் பங்குதாரர் கூட்டத்தில் கேள்வி கேட்டன. நெருக்கடி முற்றி அது வெளியேறியது. ஆனால் 2003ல் அந்தப் பங்கை வாங்கியது இந்தியாவின் ஓ.என்.ஜி.சி. விதேஷ். எண்ணெய் ஓட்டம் நிற்கவில்லை. போரைப் பொறுத்தவரை, வில்சனின் தூதர் பதவிக்காலத்தின் கடைசி ஆண்டில் கென்யாவின் மச்சாக்கோசில் கைகூடத் தொடங்கிய சமாதானப் பேச்சுவார்த்தைதான் 2005 உடன்படிக்கையில் போய் முடிந்தது.