தோகைக்குள் இருப்பவள்

மயிலாட்டம் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் முருகனின் வாகனத்தில் தொடங்கி, தோகையின் அழகில் முடிந்துவிடுகின்றன. அந்தத் தோகை ஆண் மயிலுக்கு மட்டுமே உரியது. அதைக் கட்டிக்கொண்டு நம் ஊர்த் திருவிழாக்களில் ஆடுவதோ பெரும்பாலும் பெண். இந்த முரணைப் பேசாமல் மயிலாட்டத்தை ரசிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ரசிக்காமல் விமர்சிப்பதிலும் இல்லை.

முதலில் அந்த வேடம் எப்படி உருவாகிறது என்று பார்க்கலாம். மழைக்கால இனப்பெருக்கம் முடிந்ததும் ஆண் மயில் தோகையை உதிர்த்துவிடும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மயிலை வேட்டையாடத் தடை விதித்தாலும், தானாக உதிர்ந்த இறகை உள்நாட்டில் விற்க இடம் தருகிறது. இறகுகளைத் துணியில் வைத்துக் கீழிருந்து மேலாக வரிசை வரிசையாகத் தைக்க வேண்டும். அப்போதுதான் மேல் வரிசையின் கண்கள் கீழ் வரிசையின் காம்புகளை மறைக்கும். கூரை வேய்கிற அதே கணக்கு. தோகையை விரிக்க ஒரு கயிறு, அலகைத் திறந்து மூட ஒரு நூல். சில குழுக்களில் மயிலின் தலை ஆடுபவரின் தலைக்கு மேல் தொப்பிபோல் நிற்கும், முகம் தெரியும். சிலவற்றில் முகமும் உள்ளே போய்விடும். ஆட்டம் முடிந்ததும் வியர்வை காய வைத்து, அந்துருண்டை போட்டுக் கட்டிவைக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த திருவிழாவுக்குள் பூச்சி அரித்துவிடும்.

செங்கல்பட்டுப் பக்கம் ஒரு ஆட்டக்காரரிடம், முகம் தெரியாமல் ஆடுவது கஷ்டமாக இல்லையா என்று கேட்டேன். என்னைவிட மூத்தவர், பல வருடம் கரகமும் ஆடியவர். “மூடிக்கிட்டா நிம்மதிம்மா. யாரையும் பாத்துச் சிரிக்கத் தேவையில்ல பாரு” என்றார்.

இந்தப் பதிலை நான் எளிதில் கடக்க முடியவில்லை. கரகம் ஆடும் பெண்ணின் உழைப்பில் சிரிப்பும் ஒன்று. 2023இல் தடை வரும் வரை குறவன் குறத்தி ஆட்டத்தில் இரட்டை அர்த்த வசனத்துக்கும் அவள் சிரித்தாக வேண்டியிருந்தது, பணம் குத்த நீளும் கைக்கும் சிரித்தாக வேண்டும். அலகுக்குள் போனதும் அந்த வேலை நின்றுவிடுகிறது. முகத்தை மறைப்பது என்றாலே ஒடுக்குமுறை என்று படித்துப் பழகிய நமக்கு இது கொஞ்சம் இடறும். இடறட்டும்.

இதே வட்டாரத்தில் ஆண்களுக்கென இன்னொரு அலங்காரம் உண்டு. 2019 வரை செங்கல்பட்டு காஞ்சிபுரம் மாவட்டத்தின் பகுதி. அங்கே தெருக்கூத்தைக் கட்டைக்கூத்து என்றும் சொல்வார்கள். கிரீடம், புஜகீர்த்தி, மார்புப் பதக்கம் எல்லாம் லேசான மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லு பதித்த கட்டைகள். அவற்றைக் கட்டியதும் துரியோதனனின் உடல் அகலமாகி, களம் முழுவதும் அவனுடையதாகிவிடும். முகம் அரிதாரத்தோடு திறந்தே இருக்கும். பெண் வேடத்துக்குக் கட்டை கிடையாது. அந்த வேடத்தையும் காலகாலமாக ஆண்களே கட்டினார்கள். ஆணின் அலங்காரம் உடலைப் பெரிதாக்குகிறது, பெண்ணுக்குக் கிடைத்த அலங்காரம் அவளை மறைக்கிறது. காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் 2002 முதல் 2020 வரை நடந்த கட்டைக்கூத்துக் குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் கட்டை கட்டினார்கள் என்பதை நான் சிறிய செய்தியாக நினைக்கவில்லை.

மாமல்லபுரத்து மகிஷாசுரமர்த்தினி குகையில் இந்தக் கணக்கு தலைகீழாக இருக்கிறது. மனித உடலில் எருமைத் தலையோடு, அந்தத் தலையில் கிரீடத்தோடு நிற்பவன் ஆண். சிங்கத்தின் மேல் வில்லோடு வருபவளின் முகம் திறந்திருக்கிறது. கல்லில் ஒருத்திக்குக் கிடைத்தது, கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதிகளில் மாலை விருந்துக்கு ஆட வருபவளுக்குக் கிடைக்கவில்லை. அங்கே அவள் வாசலில் நின்று வரவேற்கிற ஒரு பறவை, படம் எடுத்துக்கொள்ள ஒரு பின்னணி. கேரளத்தில் பத்ரகாளி கோயில்களில் மயில்பீலி கட்டி அர்ஜுன நிருத்தம் ஆடும் ஆண்கள் முகத்தை மறைப்பதில்லை. அந்த ஆட்டம் வழிபாடு. இது வரவேற்பு. இறகு ஒன்றுதான், மரியாதை ஒன்றல்ல.

மயில் இறகைப் பார்த்தாலே தனக்குக் குமட்டுகிறது என்று டார்வின் 1860இல் ஒரு கடிதத்தில் எழுதினார். உயிர்பிழைக்க உதவாத இவ்வளவு பெரிய பாரம் எதற்கு என்பது அவர் சிக்கல். 1871இல் வெளியான நூலில் அவர் தந்த விடை: பெண் மயில் பார்த்துத் தேர்ந்தெடுப்பதால்தான் அந்தத் தோகை வளர்ந்தது. பெண்ணுக்கு அப்படியொரு ரசனை இருக்க முடியுமா என்று அன்றைய அறிஞர்கள் பலர் நம்ப மறுத்தது தனிக்கதை. காட்டில் தோகை விரிக்கிறவன் ஆண், மதிப்பிடுகிறவள் பெண். நம் ஆட்டக்களத்தில் பெண் தோகையைச் சுமக்கிறாள், நாற்காலியில் ஆண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அதற்காக அந்த வேடத்தைக் கழற்றி எறியச் சொல்ல எனக்கு மனமில்லை. கயிற்றை இழுத்ததும் முதுகுக்குப் பின்னால் அத்தனை கண்களும் ஒரே நேரத்தில் எழுவதில் ஆடுபவருக்கு இருக்கும் குஷியை நான் பார்த்திருக்கிறேன். அது யாருக்காகவும் செய்கிற சிரிப்பு அல்ல. ஆனால் நான் பார்த்த அழைப்பிதழ்களில் பரதம் ஆடுபவரின் பெயர், குருவின் பெயரோடு அச்சாகிறது. அடுத்த வரியில் ‘மயிலாட்டம்’ என்று மட்டும் இருக்கிறது.