கொள்ளுப்பாட்டிக்கும் பெயர் உண்டு

காரைக்கால்காரர்களே, அதிலும் எங்கள் கோவில்பத்துக்காரர்களே, உங்கள் குடும்பத்தின் பிரெஞ்சுக் காலத்துப் பதிவை இன்றைக்கே தேட உட்காருங்கள். இவ்வளவு சந்தோஷம் தரும் வேலை வேறொன்று எனக்குத் தெரியாது!

நம் பக்கம் அப்பா பெயரின் முதலெழுத்துதான் இனிஷியல். மகனுக்கு ஒன்று, பேரனுக்கு வேறொன்று. தாத்தாவின் தாத்தா யார் என்று கேட்டால் பாதி வீடுகளில் பேச்சு நின்றுவிடும். பாட்டியின் அம்மா பெயரை யாரும் கேட்பதுகூட இல்லை. ஆனால் 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த ஊர் இது. இடையில் சில காலம் ஆங்கிலேயர் பிடித்திருந்தாலும் 1954 வரை பிரெஞ்சு நிர்வாகம்தான். பிறப்பு, கல்யாணம், சாவு மூன்றையும் எழுதிவைத்தார்கள். அந்தப் பழைய காரைக்கால் பதிவேடுகளைப் படமெடுத்து, தென் பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரத்து ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறது. பார்வதீசுவரர் கோயிலில் கும்பிட்டுவிட்டு வந்து, வீட்டுத் திண்ணையிலேயே பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கையெழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கிறேன். என்ன அழகான கையெழுத்து!

தேதியை எண்ணில் போடாமல் எழுத்தால் எழுதியிருப்பார்கள்; பிரெஞ்சு எண்ணுப்பெயர்களை மட்டும் கற்றுக்கொண்டால் போதும், வழி திறந்துவிடும். பெயர்களும் பிரெஞ்சு எழுத்தில்தான் இருக்கும்; குப்புசாமியைத் தேடுகிறவர் உகரம் வரும் இடமெல்லாம் ஓ, யு (ou) என்று இரண்டெழுத்து போட்டுத் தேட வேண்டும்.

என் பாட்டியின் பாட்டியுடைய கல்யாணப் பதிவு கிடைத்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. மணமகன், மணமகள், வயது, தொழில், இரு பக்கத்துத் தாய் தந்தையர், சாட்சிகள். பிரெஞ்சு வரிகளுக்கு அடியில் ஒரு சாட்சி தமிழில் கையெழுத்துப் போட்டிருந்தார். 'இன்னாரின் மனைவி' என்று மட்டுமே நாங்கள் கேள்விப்பட்டிருந்தவளுக்கு அங்கே சொந்தப் பெயர் இருந்தது, அவள் அம்மாவுக்கும் இருந்தது. பிறப்புப் பதிவில் உள்ள பெயரைத் தவிர வேறு பெயர் தரிக்கக் கூடாது என்று 1794இலேயே பிரான்சில் சட்டம் வந்தது. கல்யாணமானாலும் ஆவணத்தில் பெண்ணின் பெயர் மாறாது. கனடாவின் கியூபெக்கில் உள்ள பிரெஞ்சுக் குடும்பங்கள் தாய்வழியில் 1600கள் வரை ஏறிப்போக முடிவதும் தேவாலயப் பதிவேடுகளில் இதே பழக்கம் இருந்ததால்தான். மற்ற எல்லாவற்றையும் விட, இந்த ஒன்றுக்காகவே இந்தப் பதிவேடுகளைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

ரெனோன்சான் குடும்பமாக இருந்தால் வேலை இன்னும் சுலபம். 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஆணைப்படி, சாதி மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்ற இந்த ரெனோன்சான்கள் நிரந்தரமான குடும்பப் பெயர் ஒன்றைத் தேர்ந்து எழுதிவைத்தார்கள். புதுச்சேரி வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை 'லபோர்த்' ஆனார். அந்தப் பெயர்களைப் பிடித்துக்கொண்டே அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்த சைகோன் வரை போன பிள்ளைகளைக்கூடத் தேடலாம்.

கடல் தாண்டிப் போன கூலிக்காரர்களின் கதை வேறு. காரைக்காலிலிருந்தும் கப்பலேறி ரெயூனியன், குவாதலூப், மார்த்தினிக் ஆகிய பிரெஞ்சுத் தீவுகளுக்குப் போனவர்களின் தனிப்பெயர் அங்கே அப்படியே குடும்பப் பெயராக நின்றுவிட்டது. இங்கே தலைமுறைதோறும் மாறுவது அங்கே பேரன் பேத்திகள் எல்லாருக்கும் ஒன்று. குவாதலூப் இந்தியர்களின் குடியுரிமைக்காக 1904 முதல் 1923 வரை வழக்காடி வென்ற ஆன்ரி சிதம்பரத்தின் குடும்பப் பெயரைப் பாருங்கள், நம் தெருவில் கூப்பிடுகிற பெயர்!

முதலில் கல்யாணப் பதிவைத் தேடுங்கள். ஒரே பக்கத்தில் இரண்டு குடும்பம் கிடைக்கும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து, அவர்களுக்கு நினைவிருக்கிற பெயர்களையும் பிறந்த ஊர்களையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிரெஞ்சு எழுத்து புரியாவிட்டால் படத்தை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வாருங்கள், சேர்ந்தே படிப்போம்.