பிரேக் பிடிக்கவில்லை என்றால் வெறும் உணர்வா?

மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் செல்லும் கார், பிரேக் போட்டதும் விநாடிக்கு விநாடி 3 மீட்டர் வீதம் வேகம் குறைகிறது. எவ்வளவு தூரம் சென்று நிற்கும்? இயற்பியல் படிக்கும் மாணவர் எல்லோரும் போட்டுப் பழகிய கணக்கு இது. மணிக்கு 36 கி.மீ. என்பது விநாடிக்கு 10 மீட்டர். விடை ஏறத்தாழ 16.7 மீட்டர். பிரேக்கின் விசை தொடக்கம் முதல் இறுதிவரை மாறாது என்ற எடுகோள் இக்கணக்கில் ஒளிந்திருக்கிறது. சாலையில் அவ்விசை இடையில் மாறும்போதுதான் கார் உரிமையாளரின் புகார் பிறக்கிறது. அப்படிப்பட்ட புகார் ஒன்றுக்குச் சொல்லப்பட்ட விளக்கத்தை இங்கே ஆராய்வோம்.

டொயோட்டா நிறுவனத்தின் பிரயஸ் என்ற கலப்பின கார், பெட்ரோல் எஞ்சினும் மின்னோடியும் சேர்ந்து இயங்குவது. 2009-ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் மூன்றாம் தலைமுறைக் கார்களைப் பற்றி அமெரிக்காவிலும் ஜப்பானிலும் புகார்கள் எழுந்தன. மேடுபள்ளமான அல்லது வழுக்கலான சாலையில் பிரேக்கை மிதிக்கும்போது, ஒரு கணம் பிரேக் விட்டுவிடுகிறது. கார் முன்னே பாய்கிறது என்றனர் ஓட்டியவர்கள். 2010 பிப்ரவரியில் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை விசாரணை தொடங்கியபோது, அதன் கையில் இத்தகைய 124 புகார்கள் இருந்தன. நிறுவனத்தின் சார்பில் முதலில் வந்த விளக்கம் இது: ஓட்டுபவரின் உணர்வுக்கும் காரின் செயலுக்கும் சிறு வேறுபாடு தோன்றுகிறது, மிதியை இன்னும் அழுத்தினால் கார் நிற்கும்.

இவ்விளக்கத்தின் முதற் பகுதியை எடுத்துக்கொள்வோம். 'உணர்வு' என்றால் மனப்பிரமை என்று பொருளா? நம் உட்செவியில் கால்சியம் கார்பனேட்டால் ஆன நுண்ணிய படிகங்கள் உள்ளன. உடலின் வேகம் மாறும்போது அவை சற்றே நகர்ந்து நரம்புக்குச் செய்தி அனுப்புகின்றன. சீரான வேகத்தை நம் உடல் அறியாது. கண்ணை மூடிக்கொண்டு ஓடும் ரயிலில் அமர்ந்தால் இது விளங்கும். ஆனால் முடுக்கம் மாறினால் உடனே அறியும். பிரேக் போட்ட காரில் நாம் முன்புறம் சாய்கிறோம். பிரேக் விசை திடீரெனக் குறைந்தால் அச்சாய்வு தளர்கிறது. கார் வேகம் கூடிவிட்டதுபோல் தோன்றுகிறது. உண்மையில் வேகம் கூடவில்லை. வேகம் குறையும் வீதமே குறைந்தது. ஆகவே 'கார் பாய்ந்தது' என்ற சொல் பிழையாக இருக்கலாம். 'ஏதோ மாறியது' என்ற செய்தி பிழையன்று. ஓட்டுபவரின் உடல் ஒரு முடுக்கமானியின் வேலையைச் செய்திருக்கிறது.

என்ன மாறியது? பாஸ்கல் விதிக்கு எடுத்துக்காட்டாக நாம் படிக்கும் பிரேக்கில், மிதியின் அழுத்தம் எண்ணெய் வழியாகச் சக்கரத்துக்குச் செல்கிறது. பிரயஸில் இதனுடன் இன்னொரு பிரேக்கும் உண்டு. வேகம் குறைக்கும்போது மின்னோடி மின்னாக்கியாக மாறி, காரின் இயக்க ஆற்றலில் ஒரு பகுதியை மின்கலத்தில் சேமிக்கிறது. பள்ளத்தின் மேல் செல்லும் சக்கரம் தரையை அழுத்துவது கணநேரம் குறைகிறது, உராய்வும் குறைகிறது, சக்கரம் வழுக்கத் தொடங்குகிறது. உடனே கணிப்பொறி மின்னாக்கி பிரேக்கை விலக்கி, எண்ணெய் பிரேக்கிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. இந்தக் கைமாற்றத்தில்தான் பிரேக் விசை சற்றுக் குறைந்தது.

இனி, விளக்கத்தின் இரண்டாம் பகுதி. அழுத்தி மிதித்தால் கார் நிற்கும் என்பது உண்மையே. ஆனால் எப்போது மிதிப்பது? மாற்றத்தை உணர்ந்து கால் செயல்படுவதற்கு முக்கால் விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நம் கணக்கிலுள்ள கார், பிரேக் போட்ட தொடக்கத்திலேயே அரை விநாடி பிரேக் விசை முழுவதையும் இழந்தால், 5 மீட்டர் கூடுதலாக ஓடிவிடும். நிற்கும் தூரம் 21.7 மீட்டர். இது விளக்கத்துக்காக நாம் போட்ட கணக்கே, பிரயஸில் அளந்ததன்று. எனினும் ஒன்று தெளிவாகிறது. கால் மீண்டும் அழுத்துவதற்குள் குறை வந்து போய்விடும். முன்னால் சாலையைக் கடப்பவருக்கு அந்த 5 மீட்டர் வெறும் உணர்வன்று.

அதே மாதத்திலேயே டொயோட்டா உலகெங்கும் சுமார் 4,37,000 கலப்பின கார்களைத் திரும்ப அழைத்து, சக்கரம் வழுக்குவதைத் தடுக்கும் அமைப்பின் மென்பொருளை மாற்றியது. ஜனவரி முதலே புதிய கார்களில் இம்மாற்றத்தைச் செய்து வந்ததாகவும் தெரியவந்தது. திருத்துவதற்கு ஒன்று இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அப்படியானால் உரிமையாளர் சொல்வதெல்லாம் சரியா? அதுவும் இல்லை. 1980-களில் அமெரிக்காவில் அவுடி 5000 காரைப் பற்றி வேறொரு புகார் எழுந்தது. பிரேக்கைத்தான் மிதித்தோம், கார் சீறிப் பாய்ந்தது என்றனர். 1986-இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி, காரின் கியர்ப் பெட்டியில் செயற்கையாக மாறுதல் செய்து இதை 'நிரூபித்துக்' காட்டியது. அரசின் ஆய்வு 1989-இல் வெளிவந்தது. காரில் கோளாறு எதுவும் காணப்படாத நிகழ்ச்சிகளில், பிரேக்குக்குப் பதிலாக ஆக்சிலரேட்டரை மிதித்ததே பெரும்பாலும் காரணம் என்றது. நல்ல நிலையிலுள்ள பிரேக், நின்ற இடத்திலிருந்து கிளம்பும் காரை எஞ்சினின் விசையையும் மீறி நிறுத்தவல்லது. ஆயினும் அப்புகார்கள் வீண்போகவில்லை. பிரேக்கை மிதித்தாலன்றி கியரை மாற்ற இயலாத பூட்டு அக்கார்களில் பொருத்தப்பட்டது.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். புகாரில் இரண்டு பகுதிகள் உள்ளன: நேர்ந்தது என்ன என்ற காட்சி, ஏன் நேர்ந்தது என்ற கருத்து. காட்சியைப் பதிவு செய்ய வேண்டும். கருத்தைச் சோதிக்க வேண்டும். பிரயஸ் பற்றிய முதல் விளக்கம் காட்சியையே ஒதுக்கப் பார்த்தது. அவுடியைக் காட்டிய நிகழ்ச்சி கருத்தையே காட்சியாக்கிவிட்டது.

எனவே காரோ பேருந்தோ பிரேக்கில் குறை காட்டினால், ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் எழுதுவதுபோல் எழுதுங்கள்: என்ன வேகம், எத்தகைய சாலை, ஈரமா உலர்வா, மிதி கெட்டியாக இருந்ததா, தாழ்ந்து போனதா, எவ்வளவு நேரம். காரணத்தைத் தனியே எழுதுங்கள். அவ்வாறு எழுதிய புகாரை 'வெறும் உணர்வு' என்று ஒதுக்குவது எளிதன்று.