உருண்டதா, வழுக்கியதா? ஒரு விசையியல் பயிற்றியைப் படித்தபோது

நான் இடைநிலைப்பள்ளியில் தமிழ் போதிப்பவள். இயற்பியல் என் பாடமல்ல. இருந்தாலும் ஓர் இயற்பியல் பயிற்றியைப் பற்றி எழுத வேண்டியதாகிவிட்டது. காரணம், அதில் நான் கண்ட பிழை மொழிப்பிழை.

என் முன்னாள் மாணவி ஒருத்தி இப்போது ஆறாம் படிவத்தில் படிக்கிறாள். வார இறுதி வகுப்பில் கொடுத்த, தமிழ் விளக்கத்தோடு கூடிய விசையியல் பயிற்றியைக் கொண்டுவந்து காட்டினாள். "டீச்சர், எங்க தப்பு பண்ணேன்னே தெரியல. பேசாம பிசிக்ஸ விட்டுடலாமான்னு இருக்கு" என்றாள். கேள்வி இதுதான்: 2 மீட்டர் உயரமுள்ள வழவழப்பான சாய்தளத்தின் உச்சியில் ஓய்வுநிலையில் இருந்த திண்மக் கோளம் ஒன்று கீழே உருண்டு வருகிறது. அடியை அடையும்போது அதன் வேகம் என்ன?

பயிற்றி தந்த விடை விநாடிக்கு 6.26 மீட்டர். அவள் எழுதியது 5.29. அதன்மேல் சிவப்பு மையில் ஒரு பெரிய பெருக்கல் குறி.

எங்கள் பள்ளி இயற்பியல் ஆசிரியரிடம் காட்டினேன். இரண்டு விடைக்கும் வழி இருக்கிறது என்றார். பொருள் வெறுமனே வழுக்கி வந்தால், மேலே இருந்த நிலையாற்றல் முழுவதும் முன்னோக்கிப் போகும் இயக்க ஆற்றலாக மாறும். புவியீர்ப்பு முடுக்கத்தை 9.8 என்று வைத்தால் 6.26 வரும். உருண்டு வந்தால் கதை வேறு. கோளம் முன்னேறவும் வேண்டும், சுழலவும் வேண்டும். திண்மக் கோளத்தில் ஆற்றலின் ஏழில் ஐந்து பங்கு முன்னேற்றத்துக்கும் ஏழில் இரண்டு பங்கு சுழற்சிக்கும் போகும். அதனால் வேகம் 5.29 ஆகக் குறைகிறது.

அப்படியானால் யார் சரி? 'உருண்டு' என்ற சொல்லைப் பிடித்தால் மாணவி சரி. 'வழவழப்பான' என்ற சொல்லைப் பிடித்தால் பயிற்றி சரி. ஏனென்றால் விசையியல் கணக்கில் வழவழப்பு என்றால் உராய்வே இல்லை என்று பொருள். உராய்வு இல்லாமல், ஓய்வில் இருந்த கோளம் உருளத் தொடங்காது. சாய்தளத்தில் அது வழுக்கித்தான் வரும். ஒரே வாக்கியத்தில் இரண்டு சொல்லும் ஒன்றையொன்று வெட்டுகின்றன. கேள்வியே உடைந்த கேள்வி!

பயிற்றியில் நல்லது இல்லாமல் இல்லை. படங்கள் தெளிவு. அலகுகளை விடாமல் எழுதியிருக்கிறார்கள். படிப்படியாகச் செய்து காட்டியிருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு அலகும் சூத்திரப் பட்டியலோடுதான் தொடங்குகிறது. சாய்தளம் என்றால் இது, கப்பி என்றால் இது, மோதல் என்றால் இது. மாணவர்கள் படத்தைப் பார்த்துச் சூத்திரத்தைத் தேடப் பழகிவிடுகிறார்கள். 1981இல் சீ, ஃபெல்டோவிச், கிளேசர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. புதிதாகப் படிப்பவர்கள் கணக்குகளைச் சாய்தளம், சுருள்வில் என்று வெளித்தோற்றத்தை வைத்து வகைப்படுத்தினார்கள். துறை வல்லுநர்களோ ஆற்றல் அழியாமை போன்ற அடிப்படை விதியை வைத்து வகைப்படுத்தினார்கள். நம் பயிற்றி பிள்ளைகளை முதல் வழிக்கே பழக்குகிறது.

இன்னொரு குறை கலைச்சொற்களில். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'வேகம்' என்பது திசை சேராத அளவு. திசையும் சேர்ந்தால் 'திசைவேகம்'. இலங்கைப் பாடநூல்களில் திசை சேராதது 'கதி', திசை சேர்ந்ததுதான் 'வேகம்'. அங்கே 'ஆர்முடுகல்' என்பதை இங்கே நாம் 'முடுக்கம்' என்கிறோம். இரண்டு மரபும் முறையானவையே. ஆனால் பயிற்றியில் ஒரு பக்கம் ஒரு மரபு, அடுத்த பக்கம் மற்றொன்று. எங்கிருந்து எடுத்தார்களோ அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். வட்டப் பாதையில் ஒரே வேகத்தில் சுற்றும் பொருளுக்கு முடுக்கம் உண்டா என்ற கேள்விக்கு, 'வேகம்' என்றால் என்ன என்று முடிவு செய்யாமல் பிள்ளை எப்படிப் பதில் சொல்லும்?

சரி, என்ன செய்யலாம்? நாம் கருத்துணர்தல் பகுதியில் தினமும் செய்வதைத்தான். சூத்திரத்தைத் தொடுவதற்கு முன் மூன்று கேள்வி. தொடக்கத்தில் பொருளின் நிலை என்ன? 'ஓய்வு' என்றால் தொடக்க வேகம் சுழியம். தளம் எப்படிப்பட்டது? 'வழவழப்பு' என்றால் உராய்வு இல்லை. வினைச்சொல் எது? வழுக்குகிறதா, உருள்கிறதா, இரண்டும் சேர்ந்தா? 'வழுக்காமல் உருள்கிறது' என்று இருந்தால் உராய்வு உண்டு, ஆனால் அது ஆற்றலை வீணாக்காது. தொடும் புள்ளி அந்தக் கணத்தில் தளத்தின்மேல் நகர்வதில்லை. உராய்வு என்று பார்த்தவுடனே ஆற்றல் போச்சு என்று முடிவு கட்டும் பிள்ளைகள் நிறைய பேர்.

விடை வந்த பிறகு ஒரு சரிபார்ப்பும் வேண்டும். அதே 2 மீட்டர் உயரத்திலிருந்து உருளும் மெல்லிய வளையத்தின் வேகம் 4.43தான். வழுக்குவது 6.26, கோளம் 5.29, வளையம் 4.43. சுழற்சிக்கு எவ்வளவு அதிகப் பங்கு போகிறதோ அவ்வளவு மெதுவாக வரும். இதில் எடையும் இல்லை, ஆரமும் இல்லை. நம்பாதவர்கள் ஒரு கோலிக்குண்டையும் செலோடேப் தீர்ந்த அட்டை வளையத்தையும் சாய்த்த பலகையில் ஒன்றாக விட்டுப் பாருங்கள். கோலிதான் முதலில் வரும்.

மாணவியிடம், "நீ தப்பு பண்ணலம்மா, கேள்விதான் தப்பு" என்றேன். சிறிது நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்ப 'வழவழப்பான' என்கிறத எடுத்துட்டா என் விடை சரியா டீச்சர்?" என்று கேட்டாள். எடுத்தால் மட்டும் போதாது, 'வழுக்காமல்' என்று சேர்க்கவும் வேண்டும் என்றேன். அவளே பென்சிலால் திருத்தி எழுதினாள். இயற்பியலை விடுவது பற்றி அன்றைக்கு அவள் மறுபடி பேசவில்லை.

தமிழில் அறிவியல் பயிற்றி தயாரிக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அச்சுக்கு அனுப்புமுன் பள்ளியிலுள்ள தமிழாசிரியர் ஒருவரிடம் கேள்விகளைக் கொடுங்கள். கணக்கை நீங்கள் பாருங்கள், வினைச்சொல்லை நாங்கள் பார்க்கிறோம்.