திருப்பூரின் புத்திமதி எவ்வளவு தேறும்?

புதிதாகத் தொழில் தொடங்குபவருக்குப் பணம் கிடைப்பதுதான் கடினம். புத்திமதிக்குக் குறைவே இல்லை. கலிபோர்னியாவிலிருந்து வரும் புத்திமதி, முதலீட்டாளர் பணத்தை வாங்கு, வேகமாக வளர், லாபத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறது. கொங்கு நாட்டின் திருப்பூர் மேடைகளில் சொல்லப்படுவது வேறு. பனியன் கம்பெனிக்குக் கைமடிக்க வந்த பையன் டெய்லரானான், டெய்லர் நாலு மெஷின் போட்டார், இன்று கன்டெய்னர் கன்டெய்னராக அனுப்புகிறார். உழைத்தால் நீயும் ஆகலாம். முதலாவதைச் சந்தேகத்தோடு பார்க்கிறோம். இரண்டாவதை நம் ஊர்ச் சரக்கு என்பதற்காகவே அப்படியே வாங்கிக்கொள்கிறோம். அதையும் உரசிப் பார்க்க வேண்டும்.

உரசுவதற்கு முன் ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. 1925 வாக்கில் குலாம் காதரின் ‘பேபி நிட்டிங்’ தொடங்கியபோது திருப்பூரில் இருந்தது வெறும் வெள்ளை பனியன் தொழில். 1970களின் கடைசியில் இத்தாலிய பையர்கள் வந்தார்கள், 1990இல் ஏற்றுமதியாளர் சங்கம் உருவானது, 2024-25இல் ஏற்றுமதி ஏறக்குறைய 40,000 கோடி ரூபாயைத் தொட்டது. இதில் பெரும்பகுதி வென்ச்சர் கேப்பிடல் என்ற பெயரையே கேள்விப்படாதவர்கள் கட்டியது. ஆகவே திருப்பூருக்குச் சொல்லித்தரும் தகுதி இருக்கிறது. எதைச் சொல்லித்தரும் தகுதி என்பதே கேள்வி.

முதலில், உண்மையிலேயே தேறும் பாடம். இந்த ஊரில் ஒரு மெஷின்கூட இல்லாமல் கம்பெனி நடத்தலாம். நூலை வாங்கி நிட்டிங்குக்குக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு கூலி. சாயப்பட்டறையிலும் கிலோ கணக்கு, துணியைச் சீராக்கும் காம்பாக்டிங்கிலும் அப்படியே. கட்டிங் முடித்துத் தைக்கும் பவர்டேபிளுக்கு அனுப்பினால் பீஸ் ரேட். பிரிண்டிங், எம்பிராய்டரி, காஜா பட்டன், செக்கிங், அயர்னிங் என ஒவ்வொன்றுக்கும் தனிப் பட்டறை, தனி ஆள். ஆர்டர் இருந்தால் செலவு, இல்லாவிட்டால் பெரும்பாலும் கடை வாடகையோடு போயிற்று. சாம்பிள் போட்டுக் காட்டி, பையர் தலையாட்டிய பிறகே நூல் வாங்குகிறார்கள். எரிக் ரைஸ் 2011இல் ‘தி லீன் ஸ்டார்ட்அப்’ என்ற நூலில் சிறிதாகச் செய்து சந்தையைச் சோதிக்கச் சொன்னார். திருப்பூர் காதர்பேட்டைக்குப் பின்னால் உள்ள சந்துகளில் அது அதற்கு முன்பே அன்றாட வழக்கம். நிலையான செலவைக் கூலியாக மாற்று, வாங்குபவர் கிடைக்கும் முன் கட்டடம் கட்டாதே என்ற இந்தப் பாடம் மென்பொருள் கம்பெனிக்கும் பொருந்தும், மசாலா கம்பெனிக்கும் பொருந்தும்.

ஆனால் இந்த வசதி தனிமனிதரின் சாமர்த்தியத்தால் வந்ததல்ல. பல தலைமுறைகளாக ஊர் சேர்த்துவைத்த பொதுச் சொத்து. சாயப்பட்டறையும் காம்பாக்டிங்கும் கூப்பிடு தூரத்தில் இல்லாத ஊரில் இதே ஆள் இதே உழைப்பைப் போட்டாலும் முதல் லாட்டிலேயே திணறுவார். எந்த ஊரில் தொடங்குவது என்ற முடிவு, எந்தப் பொருளைச் செய்வது என்ற முடிவுக்குச் சற்றும் குறைந்ததல்ல. மேடையில் இதைச் சொல்லக் காணோம்.

அடுத்தது உழைப்புக் கதை. புவியியலாளர் ஷரத் சாரி 1990களில் இங்கே கள ஆய்வு செய்து, ‘ஃபிரட்டர்னல் கேப்பிடல்’ என்ற நூலை 2004இல் வெளியிட்டார். விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்து, மெஷினில் உட்கார்ந்து தைத்து, பிறகு முதலாளியானவர்கள் தங்கள் ஏற்றத்துக்குக் காரணமாக உழைப்பையே சொன்னதை அவர் பதிவு செய்கிறார். அது பொய்யல்ல. ஓவர்லாக் மெஷினில் தானே உட்கார்ந்தவருக்கு எந்தத் தையலில் நேரம் போகிறது என்று தெரியும். ஆளை வேலை வாங்கவும் தெரியும். ஆனால் அந்த உழைப்பு முதலாக மாறியது சும்மா நடக்கவில்லை. கூட்டாளியாகச் சேர்ந்த மாமன் மச்சான், கைமாற்று கொடுத்த ஊர்க்காரர், அறிமுகம் செய்துவைத்த பழைய முதலாளி என்று ஒரு வலை பின்னால் இருந்தது.

அதே 2004இல் பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் திருப்பூர் ஏற்றுமதியாளர்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வு இதற்கு எண்களால் ஆதாரம் தருகிறது. உள்ளூர்க் கவுண்டர் சமூகத்தாரின் நிறுவனங்களில் முதலீடு கூடுதலாக இருந்தது. வெளியூரிலிருந்து வந்தவர்கள் குறைந்த முதலோடு தொடங்கினாலும் அவர்களுடைய ஏற்றுமதியே வேகமாக வளர்ந்தது. அதாவது, பணம் திறமையைத் தேடிப் போகவில்லை, தெரிந்தவரைத் தேடிப் போனது. இந்த ஆய்வைப் படித்த பிறகு ‘உழைத்தால் போதும்’ என்பதை நேர்மையான புத்திமதியாக என்னால் ஏற்க முடியவில்லை. உறவில் பணம் உள்ள பையனுக்கு அது உண்மை. வெளியூரிலிருந்து வந்து வாடகை அறையில் தங்கித் தைக்கும் பெண்ணுக்கு அது அரைகுறை உண்மை. அவரிடம் உழையுங்கள் என்று மட்டும் சொல்பவர், பிணையில்லாக் கடனுக்கான அரசின் உத்தரவாதத் திட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் கூடுதல் உபகாரமாக இருக்கும்.

திருப்பூரின் புத்திமதி அடியோடு கைவிடும் இடம் வளர்ச்சி. தொடங்கத் தெரிந்த ஊர், கைக்காசு வறண்டு கம்பெனி சாவதைப் பற்றிப் பேசுவதில்லை. நூல் வியாபாரிக்கு உடனே காசு, தொழிலாளிக்கு வாரக் கூலி. பையரிடமிருந்து பணம் வர மாதங்கள் ஆகும். ஆர்டர் இரட்டிப்பானால் இந்த இடைவெளியும் இரட்டிப்பாகும். லாபக் கணக்கு சரியாக இருந்தும் கம்பெனி மூடப்படுவது இப்படித்தான். 2022 மே மாதம் பஞ்சு ஒரு கேண்டி லட்சம் ரூபாயைத் தாண்டியபோது, பழைய நூல் விலைக்குக் காஸ்டிங் போட்டு ஆர்டர் பிடித்தவர்களுக்கு ஒவ்வொரு பீஸும் நஷ்டம். ஊரே இரண்டு நாள் கடையடைத்தது. 2007-08இல் ஏற்றுமதியாளர்கள் பலர் வங்கிகள் நீட்டிய அந்நியச் செலாவணி ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டுப் பெரும் நஷ்டம் அடைந்தார்கள். ரிசர்வ் வங்கி 2011இல் 19 வங்கிகளுக்கு அபராதம் விதித்தது. போன பணம் போனதுதான். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது, ஒரே நாட்டு பையரை நம்பியவரின் நிலை ஒரே வாரத்தில் தெரிந்துபோயிற்று.

‘சீக்கிரம் தோற்றுப்போ, கற்றுக்கொள்’ என்ற கலிபோர்னியா வாசகத்தை இங்கே அப்படியே ஒப்பிப்பது இன்னும் ஆபத்து. அங்கே தோற்பது முதலீட்டாளரின் பணம். இங்கே பெரும்பாலான சிறு கம்பெனிகள் தனிநபர் நிறுவனமோ கூட்டாண்மையோதான். கடனுக்கான சொந்தப் பொறுப்புக்குச் சட்டப்படி எல்லையே கிடையாது. வங்கியில் கிடப்பது வீட்டுப் பத்திரம். நஷ்டப்பொறுப்புக்கு வரம்பு தரும் எல்எல்பி சட்டம் 2009இலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. முதல் ஆர்டருக்கு முன் ஆடிட்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

நொய்யல் ஆற்றைச் சொல்லாமல் எந்தத் தீர்ப்பும் நியாயமாகாது. மலிவாகச் சாயம் போட முடிந்ததற்கு ஒரு காரணம், கழிவின் செலவை அந்த ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருந்த விவசாயிகள் சுமந்தது. 1992இல் பாசனத்துக்குக் கட்டிய அணை சாயக்கழிவுத் தேக்கமாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. பிறரின் தலையில் கட்டிய செலவு அன்று வட்டியோடு திரும்பியது. இன்று கழிவுநீரை முழுக்கச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் முறையையே ஐரோப்பிய பையர்களிடம் பெருமையாகக் காட்டுகிறார்கள். அந்தப் பெருமை நியாயமானது. ஆனால் அதைத் தொழில்முனைவின் சாதனையாக எழுதுபவர்கள், வழக்குப் போட்ட விவசாயிகளின் பங்கையும் எழுத வேண்டும்.

ஆக, என் தீர்ப்பு இது: தொடங்குவதற்குத் திருப்பூரைக் குருவாகக் கொள்ளலாம்; வளர்வதற்கு அதன் மேடைப் பேச்சை நம்பவே கூடாது. மேடையேறுவோர் எல்லோரும் ஜெயித்தவர்கள். ஷட்டரை இழுத்துவிட்டு ஊருக்குப் போனவர்களின் காஸ்டிங் ஷீட்டும் வங்கிக் கணக்கும் எங்கும் பதிவாகவில்லை. ஏற்றுமதியாளர் சங்கமும், திருப்பூரின் நிஃப்ட்-டீ கல்லூரியில் இயங்கும் தொழில் வளர்ப்பு மையமும் பெயர்களை மறைத்து அந்தக் கணக்குகளைத் திரட்டி, எந்த மாதத்தில் எந்தப் பணம் வராமல் எந்தக் கம்பெனி மூடியது என்று தமிழில் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும்.