பத்துக் கேள்விகளும் நான்கு மருந்துகளும்

வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, கிராம்பு நான்கையும் சேர்த்து மென்றவருக்கு வாய் வெந்துவிட்டது. காரணம் எது? எங்கள் ஆத்தூரில் யாரைக் கேட்டாலும், 'சுண்ணாம்பு கூடிவிட்டது' என்பார்கள். காசநோய் மருத்துவத்தில் இதே கேள்வி எழும்போது விடை அவ்வளவு எளிதன்று.

காசநோய்க்கு வழக்கமாக முதல் இரண்டு மாதங்கள் ஐசோனியசிட், ரிபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்புட்டால் ஆகிய நான்கு மருந்துகள் தரப்படுகின்றன. இன்று பெரும்பாலும் நான்கும் ஒரே மாத்திரையில் அடங்கியுள்ளன. மிக அரிதாகச் சிலருக்குக் கால்களில் செந்நீலப் புள்ளிகள் தோன்றும். அழுத்தினாலும் நிறம் மறையாது. தடவினால் மேடாகத் தட்டுப்படும். சிறு இரத்தக் குழாய்களின் சுவர் அழற்சியுற்று இரத்தம் கசிவதன் அடையாளம் இது. சிறுநீரகமும் பாதிக்கப்படலாம்.

இத்தகைய தீங்குக்கு மருந்துதான் காரணமா என்று மதிப்பிட உலகெங்கும் பயன்படுவது, நராஞ்சோவும் அவருடைய குழுவினரும் 1981-ல் வெளியிட்ட மதிப்பெண் பட்டியல். அதில் பத்துக் கேள்விகள். கூட்டுத்தொகை 9-க்குக் குறையாவிட்டால் மருந்தே காரணம் என்பது உறுதி. 5 முதல் 8 வரை பெரிதும் சாத்தியம். 1 முதல் 4 வரை இருக்கலாம். வெறும் ஊகத்துக்கு ஓர் ஒழுங்கு தந்தது இதன் சிறப்பு. ஆனால், எந்த அளவுகோலையும் 'இது எதை அளக்கிறது?' என்று கேட்பது பௌதிக ஆசிரியனின் வழக்கம்.

நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். மருந்து கொடுத்தபின் தோன்றியதா? ஆம் எனில் 2. நிறுத்தியபின் தணிந்ததா? ஆம் எனில் 1. நான்கையும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக நிறுத்தியதால், நான்குக்கும் அதே மதிப்பெண்! வேறு காரணம் இல்லையெனில் 2 என்கிறது ஐந்தாம் கேள்வி. காசநோயே இவ்வழற்சியை உண்டாக்க வல்லதாயிற்றே! போலி மருந்து கொடுத்தபோதும் தோன்றியதா என்பது ஆறாவது. காசநோயாளிக்குப் போலி மருந்தை யார் கொடுப்பார்?

ஆய்வுக்கூடமும் முழு விடை தராது. தோலில் சிறு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் அழற்சி தெரியும். அதை மூட்டியது எது என்று தெரியாது. தட்டணுக்களையும் எண்ண வேண்டும். ரிபாம்பிசின் அவற்றைக் குறைத்தும் புள்ளிகளை உண்டாக்கலாம். அப்படியாயின் அம்மருந்தை மீண்டும் கொடுக்கக் கூடாது.

எஞ்சுவது நான்காம் கேள்வி: மீண்டும் கொடுத்தபோது திரும்பத் தோன்றியதா? புள்ளிகள் மறைந்தபின், தகுந்தவர்களுக்கு மட்டும், மருத்துவர் கண்காணிப்பில் ஒவ்வொரு மருந்தாகச் சேர்த்துப் பார்க்கும் சோதனை இது. நான்கில் ஒன்றைப் பிரித்துக் காட்டும் கேள்வி இதுவே. பட்டியலோ இதற்கும் 2 மதிப்பெண்தான் தருகிறது! மொத்த மதிப்பெண்ணை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

1956-ல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்தாய்வு மையம், வீட்டிலிருந்தபடியே சிகிச்சை பெறலாம் என்பதை 1959-ல் உலகுக்குக் காட்டியது. ஆகவே, புள்ளிகளை முதலில் காண்பவர் நோயாளியோ வீட்டாரோதான். பயந்து தாமாகவே மாத்திரையை நிறுத்தினால் நோய் மீண்டும் தலைதூக்கும். கிருமிகள் மருந்துக்கு அடங்காதவை ஆகவும் கூடும். மறைத்துவிட்டுத் தொடர்ந்து விழுங்கினால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுவதே அறிவுடைமை. எந்த நாளில் தொடங்கினோம், எந்த நாளில் புள்ளி கண்டோம் என்று குறித்து வையுங்கள். மருந்து கொடுத்தபின் தோன்றியதா என்ற கேள்விக்கு அடிப்படை அந்தக் குறிப்பே.